கூரைமேல் எறிந்த பல்

முருகையா,

சிங்கப்பூரிலிருந்து நீ அனுப்பிய ஆறு படங்களும் வந்து சேர்ந்தன. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, போனில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லும் உள்ளங்கை அகலம். முனை உடையவில்லை, வேர் சிதையவில்லை, எண்ணெய் தடவி வைத்தது மாதிரிப் பளபளப்பு வேறு. கோடி வருஷத்துக்கு முந்திய சுறாவின் பல், மண்ணுக்குள் கிடந்து கல்லாகிப் போனது என்று விற்கிறவர் சொல்கிறாராம். "அம்மா, ஒரிஜினலான்னு பாத்துச் சொல்லு. வெள்ளிக்கிழம சோதனைச் சீட்டுல நான் கையெழுத்துப் போடணும்" என்று கேட்டாய். அதோடு விட்டிருந்தால் நானும் நாலு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். காய்ச்சின ஊசி வைத்துப் பார்த்தாயா என்று நான் வாய்தவறிக் கேட்டதற்கு நீ சிரித்தாய். "ஊசியெல்லாம் எதுக்கும்மா, பொருள் கெட்டுப்போயிடும்னு நீதானே சொல்லிக் குடுத்தே" என்றாய். போனை வைத்த பிறகும் அந்தப் பேச்சு காதைவிட்டுப் போகவில்லை. ஏனென்றால், நான் உனக்குச் சொல்லிக் கொடுத்த பாடங்களில் அது ஒன்றுதான் பொய்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கிழவி கதை அளக்கிறாள் என்பாய். தஞ்சாவூர்க் கல்லூரியின் நிலவியல் துறையில் முப்பத்து நாலு வருஷம் ஆய்வக உதவியாளராக இருந்தவள் நான். கல் இருந்த இழுப்பறைகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் நீ வீட்டுப்பாடம் எழுதினாய். அந்த உரிமையில் சொல்கிறேன், பெண் பார்க்கப் போனவன் பலகாரத்தைப் பார்த்து மயங்கின கதையாகப் பளபளப்பைப் பார்த்து மயங்காதே. பல்லும் வேரும் சேருகிற கழுத்தைப் பார். பித்தலாட்டம் எல்லாம் அங்கேதான் நடக்கும். ஒரு பல்லின் முனையையும் இன்னொரு பல்லின் வேரையும் வைத்து ஒட்டி, கல்பொடியைப் பசையில் குழைத்துப் பூசி, மேலே சாயம் அடித்துவிடுவார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பல்லின் மேல் மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும். ஒட்டின இடத்தில் அந்தக் கோடு பொசுக்கென்று நின்றுபோகும். பஞ்சில் நகச்சாயம் அழிக்கிற திரவத்தை நனைத்துத் துடைத்தால் சாயம் பஞ்சோடு வந்துவிடும். அச்சில் வார்த்த பல் கையில் வெயிட் இல்லாமல் இருக்கும், உள்ளே ஊசிமுனை அளவு காற்றுக்குமிழ் தெரியும். ஆறு பல்லில் இரண்டுக்கு ஒரே இடத்தில் ஒரே மாதிரி மூளி இருந்தால் அவை ஒரே அச்சில் பிறந்தவை. உன் மூன்றாவது படத்தையும் ஐந்தாவது படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், அசல், போலி என்று நான் இப்போதே எதற்கும் பெயர் வைக்கவில்லை.

ஒட்டுப் போட்டது எல்லாம் மோசடி என்றும் நினைத்துவிடாதே. பிச்சைமுத்துவைப் பற்றி உனக்கு நான் சொன்னதே இல்லை. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வந்து, தலையில் கட்டியிருக்கும் துண்டை அவிழ்த்து மேசைமேல் விரிப்பார். உள்ளே தேன் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் சின்னச் சின்னச் சுறாப்பற்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து வைப்பார். "இது முழுசுங்கம்மா. இது மண்வெட்டி பட்டு ஒடஞ்சிது, நான்தான் ஒட்டுனேன். இதுக்கு வேரு வேற பல்லோடது, சொல்லிப்புட்டேன், அப்பறம் பிச்சமுத்து ஏமாத்துனான்னு சொல்லக் கூடாது பாருங்க" என்பார். எந்தக் குழியில், எத்தனை ஆள் ஆழத்தில், எந்த நிற மண்ணில் கிடைத்தது என்பதும் மனப்பாடமாகச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். அவரைப்போல் யோக்கியமாகப் பேசின இன்னொரு வியாபாரியை நான் பார்த்ததில்லை.

கடைசிச் சோதனைதான் ஊசி. ஸ்பிரிட் விளக்கில் ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, வேரின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கல்லாகிப்போன பல்லுக்கு ஒரு வாசனையும் வராது. வார்ப்புப் பல் என்றால் பிளாஸ்டிக் வாளி எரிகிற நாற்றம் வரும். மாட்டுப் பல்லையோ பன்றிப் பல்லையோ செதுக்கி, தேயிலைத் தண்ணீரில் வேகவைத்துக் கறுப்பாக்கியிருந்தால் மயிர் கருகுகிற வாசனை வரும். முதல் இரண்டையும் நான் ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். அந்த மூன்றாவது வாசனை என் வாழ்க்கையில் இரண்டு தடவைதான் வந்தது. இரண்டாவது தடவையை முதலில் சொல்கிறேன்.

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. எங்கள் துறைத்தலைவர் கல்லூரிக் காட்சிக்கூடத்துக்காக மெட்ராஸ் ஏஜெண்ட் ஒருவரிடமிருந்து ஒரு தட்டுப் பற்கள் வரவழைத்தார். பெரிய பற்கள், பார்த்தால் வாயைப் பிளக்க வைக்கிற மாதிரி. அதே வாரம் பிச்சைமுத்துவும் தன் துண்டோடு வந்திருந்தார். இரண்டையும் சோதித்துச் சீட்டு எழுதுவது என் வேலை. பிச்சைமுத்து கொண்டுவந்ததை முதலில் பார்த்தேன், எல்லாம் சுத்தம். அப்புறம் ஏஜெண்டின் தட்டில் முதல் பல்லை எடுத்து ஊசியை வைத்தேன். வாசனை வந்தது. ஊசியைப் போட்டுவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து மீதிப் பற்களைத் தொடவே இல்லை. எல்லாம் சரி என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வாசனையை இன்னொரு தடவை முகர்வதைவிடப் பொய் எழுதுவது எனக்கு லேசாக இருந்தது.

சில மாதம் கழித்து வெளியூரிலிருந்து வந்த ஒரு நிபுணர் அத்தனையும் மாட்டுப் பல் என்று இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டார். ஏஜெண்ட் கையை விரித்தார். "நான் அனுப்பினது அசல், உங்க சோதனைச் சீட்டே சாட்சி. இங்கே வந்துபோற சுரங்கத்து ஆள் மாத்தி வச்சிருப்பான்" என்றார். ஏழை சொல் அம்பலம் ஏறுமா? துறைத்தலைவர் பிச்சைமுத்துவைக் கூப்பிட்டுத் திருடன் என்றார். சுரங்கக் காண்டிராக்டருக்கும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார், பிச்சைமுத்துவுக்கு இருந்த வேலையும் போனது. அன்றைக்கு வராந்தாவில் நின்று பிச்சைமுத்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "அம்மா, நீங்கதானே ஊசி வச்சுப் பாத்தீங்க. நான் வந்தப்பவே அந்தத் தட்டு எப்படி இருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமுல்ல? ஒரு வார்த்த சொல்லுங்கம்மா." நான் குனிந்து கண்ணாடிக் குடுவையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனார். ஓய்வு பெற்ற பிறகு அரியலூர்ப் பக்கம் போய் விசாரித்தேன். அந்தக் குழியில் தண்ணீர் நின்றது, அவரைத் தெரிந்த ஒருவரும் அங்கே இல்லை. பிச்சைமுத்து அன்றைக்குப் படி இறங்கிப் போன பிறகுதான் ஊசி வைத்தால் பொருள் கெட்டுவிடும் என்கிற பாடத்தை நான் கண்டுபிடித்தேன். என் பயத்துக்குப் படிப்பு வேஷம் போட்டு உனக்கும் கற்றுக் கொடுத்தேன்.

இனி முதல் தடவை. இதை உன் அப்பாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை, மனிதர் பாதி தெரிந்துகொண்டே போய்ச் சேர்ந்தார். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் தெரு இருந்தது உனக்குத் தெரியும். ஆட்சி மாறி, ஊரெல்லாம் புதுக் கொடி பறந்த காலம். எங்கள் தெருவில் கூரையும் சுவரும் எங்கள் கையால் ஆனவை, அது நின்ற மனை மட்டும் பண்ணைக்குச் சொந்தம். தை அறுப்புக்குக் கூலி நெல் கூட்டிக் கேட்டார்கள் எங்கள் ஆட்கள். பண்ணைக்காரர் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். அவர்களை வயலில் இறங்கவிடாமல் மறிக்க, அன்றைக்குக் காலையில் தெருவிலிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள். "புள்ளைக்கு மேலு சுடுது, பாத்துக்கடி, வெளிய உடாத" என்று என் அம்மா சொல்லிவிட்டுப் போனாள். எனக்குப் பத்து வயது. பிள்ளை என்று அவள் சொன்னது என் தம்பியை, அவனுக்கு ஆறு வயது. அவன் பெயர் முருகையன். உன்னுடைய பெயர் தாத்தாவின் பெயர் என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தேன். இல்லை, அது அவன் பெயர்.

அன்றைக்குக் காலையில்தான் அவனுக்கு முதல் பல் விழுந்திருந்தது. கீழ்ப்பல். விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தால்தான் புதுப்பல் முளைக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். காய்ச்சலோடு எழுந்து வந்து நின்று, "யக்கா, நல்லா ஒசரமா போடு" என்றான். போட்டேன், கூரையில் ஒட்டிக்கொண்டது. பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். எனக்கோ வாய்க்கால் ஓரம் நண்டு பிடிக்கப் போக வேண்டும். தெருவில் என் வயதுப் பெண்பிள்ளைகள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். அவனை விட்டுப் போனால் அழுதுகொண்டே பின்னால் வருவான், காய்ச்சல் கூடிவிட்டால் அம்மா என் தோலை உரித்துவிடுவாள். அதனால் ஒன்று சொன்னேன். "டேய், பல்லு கூரையில இருக்கறப்ப நீ கூரைக்குக் கீழயே இருக்கணும். நான் வர்றதுக்குள்ள வெளிய வந்தியோ, புதுப்பல்லு மொளைக்கவே மொளைக்காது. கெழவனாட்டம் பொக்கையாவே இருப்ப." அவன் பயந்து போய் உள்ளே ஓடிப் பாயில் உட்கார்ந்துகொண்டான். நான் பானையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உச்சிப்பொழுதுக்கு முன்பே புகை தெரிந்தது. யார் தீ வைத்தார்கள் என்று தெருவுக்கே தெரியும். அடுப்பு நெருப்பு பறந்து பிடித்தது என்று பிறகு வந்த போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். எரிந்த மற்ற ஒன்பது வீட்டுப் பிள்ளைகளும் வெளியே ஓடி வந்து பிழைத்துக்கொண்டன. எதிர்வீட்டு அஞ்சலை, கால் ஊனமானவள், மறியலுக்குப் போகாமல் தெருவில் இருந்தாள். அவள் எங்கள் வாசலில் நின்று கத்திக் கூப்பிட்டிருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் மார்பில் அடித்துக்கொண்டு என் அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. "வாடா வாடான்னு கூப்புட்டேண்டி. வாயப் பொத்திக்கிட்டுத் தலைய ஆட்டுறான். பல்லு மொளைக்காதுங்கறான். நான் தவழ்ந்து உள்ள போறதுக்குள்ள கூர எறங்கிருச்சேடி." காய்ச்சல் வேகத்தில் பிள்ளை என்னவோ பிதற்றியிருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். அது பிதற்றல் இல்லை என்று தெரிந்தவள் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான். காற்றில் அந்த வாசனை இருந்தது. என் பானைக்குள் நண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

தீ வைத்த பாவம் வைத்தவர்களுடையது. அதை நான் சுமக்கவில்லை, நீயும் எனக்காகச் சுமக்காதே. அவனை உள்ளே உட்கார வைத்த வார்த்தை என்னுடையது. நீ ஆறு வயதில் உன் முதல் பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, கூரை மேல போடணுமாம், எங்க மிஸ் சொன்னாங்க" என்றாய். பளாரென்று அறைந்தேன். பல் எங்கேயோ தெறித்து விழுந்தது, நீ அழக்கூட மறந்து என்னைப் பார்த்தாய். கல்யாணத்துக்கு முதல் நாள்கூடக் கேலியாக, "அம்மா ஒரு பல்லுக்காக என்னை அடிச்சாங்க" என்று உன் மாமனார் வீட்டில் சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன்னை அடித்ததற்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன் அப்பா. அன்றைக்கு வாசலில் நின்றது நீயா அவனா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அலமாரியில் நீ தொடக்கூடாது என்று நான் சொல்லி வைத்த குங்குமச் சிமிழ். தம்பியை ஆற்றங்கரையில் புதைத்த மறுநாள், எல்லாரும் சாம்பலைக் கிளறிப் பாத்திரம் தேடினார்கள். எங்கள் வீட்டு நடுக்கால் இருந்த இடத்தில் எனக்கு ஒரு பல் கிடைத்தது. நீலமும் சாம்பலுமாக நிறம் மாறி, மேலே விரிசல் விட்டிருந்தது. "என்னடி அது?" என்றாள் அம்மா. "கூரையில போட்டோமே, அந்தப் பல்லும்மா" என்றேன். நான் பார்க்கவே இல்லை, உடனே சொல்லிவிட்டேன். சோதித்துப் பார்க்காமல் நான் கொடுத்த முதல் சீட்டு அதுதான். அம்மா நம்பினாள். முந்தானையில் முடிந்துகொண்டாள், பிறகு சிமிழில் வைத்தாள். என்னைத் தரங்கம்பாடி மிஷன் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தபோதும், பல வருஷம் கழித்து அதே மனைக்கு அரசாங்கப் பட்டா கையில் வந்தபோதும், சிமிழை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாகும்போது என் கையில் கொடுத்தாள்.

பால்பல் தானாக விழும்போது அதன் வேர் கரைந்து போயிருக்கும். அடியில் ஒரு குழிதான் இருக்கும். வாயில் இருக்கிற பல்லுக்கு வேர் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷமே எனக்கு இது தெரியும். ஒரு லென்ஸ், ஒரு நிமிஷம், அவ்வளவுதான் வேலை. ஊரார் பல்லையெல்லாம் பிடித்துப் பார்த்தவள், என் வீட்டுச் சிமிழை இத்தனை வருஷம் திறக்கவில்லை. கூரையில் போட்ட பல் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உனக்கு இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, நானே பார்க்காமல் உன்னைப் பார்க்கச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. இன்று காலை சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சிமிழைத் திறந்து, பல்லைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன்.

வேர் இருக்கிறது.

காப்பி ஆறிப்போனது. அலமாரியில் புடவைகளுக்கு நடுவில் நான் வைத்திருந்தது என் தம்பியையே. அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டதும் தன் பிள்ளையைத்தான், அது தெரியாமலே போய்விட்டாள். அழுதேன். பொய்யை வைத்துக்கொண்டு அழுததற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஊசியைக் காய்ச்சு. விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஆறு பல்லுக்கும் வை, ஒன்றோடு நிறுத்திவிடாதே, மூக்கை மூடிக்கொள்ளாதே. என்ன வாசனை வந்ததோ அதை அப்படியே எழுது. நீ சோதிக்காமல் விட்டால் நாளைக்குப் பழி ஏஜெண்டுமேல் விழாது, உன்மேலும் விழாது. எங்கேயோ குழியில் நின்று மண் வெட்டுகிறவன் தலையில்தான் விழும். எழுதின பிறகு உன் முழுப் பெயரையும் போடு. சிங்கப்பூரில் கூப்பிட வசதி என்று அட்டையில் 'முரு' என்று சுருக்கி வைத்திருக்கிறாயே, அது வேண்டாம்.

தை மாதம் நாலு நாள் லீவு போட்டு வா. சிமிழை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவோம். ஆற்றங்கரையில் அவனைப் புதைத்த இடம் எனக்குத் தெரியும், பக்கத்தில் இப்போது ஒரு மோட்டார் கொட்டகை இருக்கிறது. பல்லை அவனிடம் சேர்க்க வேண்டும். நான் வரும்வரை உள்ளேயே இரு என்று சொல்லிவிட்டுப் போனவள் நான். போய் நின்று, "வெளிய வாடா முருகையா, அக்கா வந்துட்டேன், பல்லு மொளைக்கும்" என்று சொல்ல வேண்டும். தனியாகப் போனால் எனக்குக் குரல் வராது. நீ என் பக்கத்தில் நில்.

அம்மா